பத்தாம் வகுப்பும் பணி ஒப்பந்தமும்: வளைகுடாவில் ஆவண வாசிப்புக் கல்வி

படித்து முடித்ததும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று எழுதப்படுவது பணியிட ஆவணம். கதை ரசிப்பதற்கு, பாடநூல் நினைவில் வைப்பதற்கு. ஆஃபர் லெட்டர், பணி ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, சுற்றறிக்கை, டைம்ஷீட், பாதுகாப்புப் பலகை, ரசாயன டப்பாவின் லேபிள், விடுப்புப் படிவம், கணக்கு முடிக்கும் தாள் ஆகியவை செயலுக்கானவை. இவற்றில் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் போவது மதிப்பெண் அல்ல. சம்பளமோ, விடுப்போ, சில சமயம் கைவிரலோ போகும். துபாய், ஷார்ஜா, தோஹா, ரியாத், மஸ்கட் நகரங்களில் வேலை செய்யும் தமிழரின் வாழ்க்கை முழுவதும் இத்தகைய தாள்களால் கட்டப்பட்டது. தங்குவதற்கு ஒரு தாள், மருத்துவத்துக்கு ஒரு தாள், ஊருக்குத் திரும்ப ஒரு தாள். இவற்றைப் படிக்க உயர்நிலைப் பள்ளி என்ன கற்றுத் தருகிறது, என்ன கற்றுத் தர முடியும் என்ற கேள்வி, இந்தத் தமிழரின் பிள்ளைகள் படிக்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் அவர்களின் தந்தையர் படித்துவிட்டு வந்த தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவானது.

பழைய பாடம், மறந்த பாடம்

இந்தக் கல்வி புதிதாக எங்கிருந்தோ இறக்குமதியானதன்று. சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைப் பற்றி விவரம் திரட்டச் சொன்னபோது, பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் அன்றைய நாட்டுப் பள்ளிகளின் பாடங்கள் பதிவாகியுள்ளன. பலவிதமான கையெழுத்தில் உள்ள அரசுக் கடிதங்களையும் பிற கடிதங்களையும் ஆசிரியர் பல இடங்களிலிருந்து திரட்டிவருவார். மாணவர்கள் அவற்றைப் படித்துப் பழகுவார்கள். ஒப்பந்தப் படிவங்கள் எழுதவும் கற்பார்கள். உண்மையான தாள்களை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று இன்றைய கல்வியியலார் வலியுறுத்துவதை, திண்ணையில் உட்கார்ந்திருந்த வாத்தியார் செய்துவந்தார் என்றே சொல்லலாம்.

நவீனப் பள்ளி இந்தப் பாடத்தில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டது. எழுதுவது இருக்கிறது, படிப்பது இல்லை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படிவம் நிரப்பும் வினா உண்டு. நூலக உறுப்பினர் படிவமோ மேல்நிலைச் சேர்க்கை விண்ணப்பமோ வரும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவிப்பும் வேலை விண்ணப்பமும் எழுதச் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் மாணவர் பேனா பிடித்தவர். ஆனால் வேலைக்குப் போகும் பதினெட்டு, இருபது வயதுக்காரர் முதல் சில ஆண்டுகளில் எழுதும் அலுவல் கடிதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் கைக்கு வரும் தாள்களோ ஏராளம். விண்ணப்பம் எழுதக் கற்ற பிள்ளைக்கு, அந்த விண்ணப்பத்துக்கு வரும் பதிலைப் படிக்க யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த இடைவெளியை அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களிலேயே பேசத் தொடங்கினார்கள். ராணுவத்தில் படிப்பறிவை ஆராய்ந்த தாமஸ் ஸ்டிச், கற்பதற்காகப் படிப்பது வேறு, செய்வதற்காகப் படிப்பது வேறு என்று பிரித்தார். பள்ளி முதலாவதில் மூழ்கியிருக்க, வேலைத்தளம் பெரும்பாலும் இரண்டாவதையே கேட்கிறது. வேலையில் இருப்பவர்கள் மாணவர்களைவிடக் குறைவாகப் படிப்பதில்லை என்று லாரி மிகுலெக்கி 1982இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1992இல் அமெரிக்காவில் சுமார் 26,000 பெரியவர்களிடம் நடந்த தேசிய எழுத்தறிவுக் கணக்கெடுப்பு, தொடர் உரை வாசிப்பு, ஆவண வாசிப்பு, அளவை வாசிப்பு என மூன்று தனி அளவுகோல்களை வைத்தது. பத்தி பத்தியாக நன்றாகப் படிப்பவர் ஒரு பேருந்து கால அட்டவணையில் தடுமாறலாம் என்பதை அது ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியா 1997இல் வெளியிட்ட மொழிப்பாடத் தரநிலைகள், ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் பணியிட ஆவணங்களின் அமைப்பையும் வடிவத்தையும் பகுத்தாய வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டன.

ஓஈசிடி அமைப்பு நடத்தும் பன்னாட்டு மாணவர் தேர்வான பீசாவும் அட்டவணை, படிவம், விளம்பரம் போன்றவற்றைத் தொடக்கம் முதலே வாசிப்பில் சேர்த்தது. 2009 சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. தமிழ்நாட்டின் வாசிப்பு மதிப்பெண் 337, பட்டியலின் அடிமட்டத்தில். அதன்பின் 2022 வரை எந்தச் சுற்றிலும் இந்தியா கலந்துகொள்ளவில்லை. 2022 சுற்றில் ஐக்கிய அரபு அமீரகம் வாசிப்பில் 417, கத்தார் 419, சவுதி அரேபியா 383 பெற்றன. ஓஈசிடி நாடுகளின் சராசரி 476. இந்த எண்கள் எல்லாவகை வாசிப்பையும் கலந்து அளந்தவை என்பதால் ஒப்பந்தம் படிக்கும் திறனை இவற்றிலிருந்து நேராக ஊகிக்க இயலாது.

தேர்ச்சி என்ற கோடு

பத்தாம் வகுப்பு இந்த விஷயத்தில் தற்செயலான எல்லையன்று. இந்தியாவின் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையில் வரும். வளைகுடாவின் ஆறு நாடுகளும் அடங்கிய 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போகவேண்டுமானால் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அரசின் இமைகிரேட் இணையதளத்தில் முதலாளி பதிவுசெய்திருக்க வேண்டும், ஒப்பந்தம் பதிவேற்றப்பட வேண்டும், குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் அலுவலகம் அதைப் பார்க்கும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

பத்தாம் வகுப்பு தேறியவர் தன் ஒப்பந்தத்தைத் தானே படித்துக்கொள்வார் என்பதே இந்த ஏற்பாட்டின் உள்ளே இருக்கும் அனுமானம். அந்த அனுமானத்துக்கு ஆதாரமாக உள்ள பத்தாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் ஒப்பந்தம் என்ற ஒரு தாளே கிடையாது. 2018இல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி ஒரு நாள் வகுப்பு, பயனுள்ளதுதான். ஆனால் அந்த நாளுக்குள் ஏஜெண்டிடம் பணம் கட்டியாகிவிட்டது, நகை அடகுக்குப் போய்விட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் ஒப்பந்தத்தில் குறை கண்டவர் எத்தனை பேர் திரும்பிப் போவார்கள்? பதினைந்து வயதில், எதுவும் பணயம் வைக்காத நேரத்தில் வகுப்பறையில் படிப்பதே இதற்குச் சரியான காலம்.

பொய்யான தாள்களைக் கண்டறிவதும் இதே பாடத்தின் பகுதிதான். துபாயிலும் இந்தியாவிலும் உள்ள முகவர்கள், தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று இளைஞர்களை இழுப்பதாக வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. சிக்கியவர்கள் மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; அவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஏமாந்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர், கணினி தெரிந்தவர்கள். ஆங்கிலம் படிக்க வந்தது. அந்தத் தாளை யார் எழுதினார், எந்த முகவரியிலிருந்து, எந்த அதிகாரத்தில் என்று கேட்கும் பழக்கம் வரவில்லை.

ஒப்பந்தம்

ஆவண வாசிப்புக் கல்வியின் நடுநாயகம் பணி ஒப்பந்தம். அமீரகத்தில் இதைத் தமிழிலேயே கற்பிக்க ஒரு வசதியும் இருக்கிறது. 2015இல் வெளியான 764ஆம் எண் அமைச்சக ஆணை, 2016 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து வரும் தொழிலாளி புறப்படும் முன்பே அரசின் மாதிரிப் படிவத்தில் உள்ள ஆஃபர் லெட்டரைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்றது. அந்தப் படிவம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மற்றொரு மொழியிலும் கிடைக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. இந்தி, மலையாளம், உருது, வங்காளம், சிங்களம் ஆகியவையும் உண்டு. பின்னர் பதிவாகும் ஒப்பந்தம் இந்த லெட்டருக்கு மாறாக இருக்கக் கூடாது.

ஆக, தமிழ்த் தாள் இருக்கிறது. அதைத் தமிழ் வகுப்பில் பார்த்த மாணவர்கள்தான் அரிது. தமிழ் ஆசிரியர்கள் இதை ஆங்கில ஆசிரியரின் வேலை என்று நினைப்பதும், ஆங்கில ஆசிரியர்கள் இதை வணிகவியலுக்குத் தள்ளுவதும் வழக்கம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஆவணம் படிக்கவே தெரியாது என்பது தவறு. இரண்டு சென்ட் மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறார்கள், முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், நான்கெல்லையை நேரில் போய் அளக்கிறார்கள், தெரிந்த பத்திர எழுத்தரிடம் இன்னொரு தடவை காட்டுகிறார்கள். அதே குடும்பம் மகனின் ஐந்தாண்டு உழைப்பைத் தீர்மானிக்கும் தாளை வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தில் பார்த்துவிட்டுச் சரி என்கிறது. வகுப்பறையில் இந்த இரண்டையும் அருகருகே வைப்பது நல்ல தொடக்கம். வேலை ஒப்பந்தத்துக்கும் நான்கெல்லை உண்டு: என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை நேரம், எப்படி வெளியேறுவது. வில்லங்கமும் உண்டு, அது பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும்.

கூலி என்ற எல்லையில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு பாடவேளை போதாது. அந்தச் சொல் ‘பேசிக்’. மாதம் 2,400 திர்ஹம் தரும் இரண்டு வேலைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் அடிப்படைச் சம்பளம் 1,000, படிகள் 1,400. மற்றொன்றில் அடிப்படை 1,800, படிகள் 600. மாதக் கடைசியில் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் எண் சட்டப்படி, ஓராண்டு நிறைந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகச் சேரும். மாதத்தை 30 நாளாகக் கொண்டால், ஐந்தாண்டு முடிவில் முதல்வருக்கு 3,500 திர்ஹம், இரண்டாமவருக்கு 6,300. ஓவர்டைம் கூலியும் அடிப்படையிலிருந்தே கணக்காகிறது: கூடுதல் நேரத்துக்கு 25 சதவீதம், இரவு 10 மணிமுதல் காலை 4 மணிவரை 50 சதவீதம் சேர்த்து. 2023 முதல் நடப்பில் உள்ள வேலையிழப்புக் காப்பீடு, வேலை போனால் மூன்று மாதம்வரை அடிப்படையில் 60 சதவீதம் தருகிறது. அதுவும் முதல்வருக்கு 600, இரண்டாமவருக்கு 1,080. மூன்று வெவ்வேறு தாள்களில், மூன்று வெவ்வேறு சமயங்களில் ஒரே சொல் திரும்பி வந்து பணத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. இதைக் கணக்கு ஆசிரியரும் மொழியாசிரியரும் சேர்ந்து நடத்தினால்தான் விளங்கும்.

அண்டை நாட்டுக்குப் போனால் அதே கேள்விக்கு வேறு பதில். சவுதியில் பணிக்கொடைக்கு அடிப்படை மட்டுமல்லாமல் கடைசியாகப் பெற்ற ஊதியமே கணக்கு. முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதம், பிறகு ஒரு மாதம். ஆனால் தானாக ராஜினாமா செய்தால் பணிக்காலத்தைப் பொறுத்து மூன்றில் ஒன்றோ மூன்றில் இரண்டோதான் கிடைக்கும். பத்தாண்டு கடந்தால் முழுவதும். ஓமனின் 2023 தொழிலாளர் சட்டம் ஆண்டுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் என்கிறது. பஹ்ரைனில் 2024 மார்ச் முதல் முதலாளியே மாதாமாதம் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்டிவர வேண்டும். கத்தார் 2021 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய குறைந்தபட்சக் கூலி 1,000 ரியால். முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500, உணவு தராவிட்டால் 300 கூடுதல். அங்குள்ள ஒப்பந்தத்தில் ‘தங்குமிடம் நிறுவனம் வழங்கும்’ என்ற ஒரு வரியின் விலை மாதம் 500 ரியால். மஸ்கட்டில் இருந்த சித்தப்பா சொன்னதை வைத்து ரியாத் தாளைப் படிக்கலாகாது என்பதற்கு இவ்வளவு போதும்.

வெளியேறும் எல்லையை யாரும் முதலில் படிப்பதில்லை. அமீரகத்தில் சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் முதலாளி நீக்கினால் 14 நாள் முன்னறிவிப்பு. தொழிலாளி நாட்டைவிட்டே போவதானால் அவரும் 14 நாள் சொல்ல வேண்டும். உள்ளூரிலேயே வேறு நிறுவனத்துக்கு மாறுவதானால் ஒரு மாதம். சோதனைக் காலம் முடிந்தபின் முன்னறிவிப்பு 30 முதல் 90 நாள்வரை, ஒப்பந்தத்தில் எழுதியபடி. ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் எழுதப்படாத உரிமைகளும் உண்டு, எழுதியிருந்தாலும் செல்லாத நிபந்தனைகளும் உண்டு என்பதை மாணவர்கள் இந்த இடத்தில்தான் முதன்முதலாகச் சந்திப்பார்கள்.

மொழி பற்றியும் ஒன்று உண்டு. அரபி வாசகத்துக்கும் மற்ற மொழி வாசகத்துக்கும் முரண்பாடு வந்தால் அரபியே செல்லும். தமிழ்ப் பிரதி புரிந்துகொள்வதற்கு. வழக்கென்று வந்தால் இடப்பக்கத்து ஆங்கிலத்துக்கும் முன்னால் வலப்பக்கத்து அரபி நிற்கும். அரபி முழுவதும் தெரியாவிட்டாலும் எண்களைச் சரிபார்க்கலாம். அரபி எழுத்தில் ஐந்து நம் சுழியத்தைப் போலவும், சுழியம் வெறும் புள்ளியாகவும், ஆறு நம் ஏழைப் போலவும் இருக்கும். வளைகுடாவில் வளரும் பிள்ளைகள் பள்ளியில் அரபி படிப்பதால் இது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. ஊரிலிருந்து வரும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் அதை அவர்களே சொல்லித் தரலாம். சவுதித் தாள்களில் ஹிஜ்ரி தேதி வரும்போது இன்னொரு கணக்கு சேர்கிறது. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள். ஹிஜ்ரியில் எழுதிய ஓராண்டுக் கெடுவை ஆங்கில ஆண்டாக மனக்கணக்குப் போட்டவர் பதினொரு நாள் பிசகுவார்.

சம்பளச் சீட்டும் பாதுகாப்புத் தாளும்

சம்பளச் சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமீரகத்தில் 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறைப்படி சம்பளம் வங்கி அல்லது பணமாற்று நிறுவனம் வழியே பதிவாகிறது. எனவே மூன்று எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடியும்: ஒப்பந்தத்தில் எழுதியது, சீட்டில் காட்டியது, கணக்கில் ஏறியது. மூன்றும் பொருந்தினால் மாணவருக்கு வேலையில்லை. பொருந்தாத இடத்தில்தான் பாடம்.

பாதுகாப்பு ஆவணங்கள் வேறு இயல்பானவை. இவற்றில் படிப்பவருக்கு நேரம் கிடையாது. நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது, சிவப்புக் குறுக்குக் கோடிட்ட வட்டம் செய்யக் கூடாதது, மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை, பச்சைச் சதுரம் பாதுகாப்பான வழி; இந்த நிறமொழி பெரும்பாலான நாடுகளின் தொழிற்சாலைகளில் ஒன்றுதான். ரசாயனங்களுக்கு ஐநாவின் உலகப் பொதுமுறை ஒன்பது படக்குறிகளையும் 16 பகுதி கொண்ட பாதுகாப்புத் தாளையும் வகுத்திருக்கிறது. 16 பகுதியையும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கும் மாணவர், நல்ல மாணவர், ஆனால் தவறாகப் படிக்கிறார். கண்ணில் தெறித்துவிட்டால் நேராக 4ஆம் பகுதிக்குப் போக வேண்டும். கையுறை எது என்று தெரிய 8ஆம் பகுதி. லேபிளில் வரும் ‘டேஞ்சர்’, ‘வார்னிங்’ என்ற இரு சொற்களும் ஒரே பொருளில் வருவன அல்ல. முன்னது கடுமையானது, பின்னது அதற்குக் கீழ்ப்படி. தமிழில் இரண்டையும் எச்சரிக்கை என்றே பெயர்த்துவிடும் பழக்கம் அந்தப் படிநிலையை அழித்துவிடுகிறது. பள்ளி வேதியியல் ஆய்வகத்திலேயே இந்தத் தாள்கள் இருக்கின்றன, பீரோவில்.

ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகத்தின் விதி. அந்த அறிவிப்பு சைட்டில் தொங்கும். அதே சைட்டில் மேஸ்திரி தரும் அன்றைய வேலை அட்டவணையில் ஒரு மணிக்கு வெளிச்சுவர்ப் பூச்சு என்று இருந்தால், எந்தத் தாளுக்கு மேல் எந்தத் தாள்? ஆவணங்களுக்குள் மேல்கீழ் உண்டு என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

சொல்லாததைப் படித்தல்

சுற்றறிக்கை, இமெயில் ஆகியவற்றில் அலச வேண்டியது வினைமுற்று. ஆங்கிலத்தில் ‘ஷால்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் நிறுவனத்தின் விருப்பம். ‘போனஸ் மே பி பெய்ட்’ என்ற வரியைப் போனஸ் உண்டு என்று படித்தவர் ஏமாற்றப்படவில்லை, தவறாகப் படித்திருக்கிறார். தமிழிலும் வழங்கப்படும், வழங்கப்படலாம், வழங்கப்பட வேண்டும் மூன்றும் மூன்று நிலை. செயப்பாட்டு வினை வரும் இடமெல்லாம் ‘யாரால்’ என்று பென்சிலால் எழுதச் சொல்வது எளிய பயிற்சி. ‘மருத்துவக் காப்பீடு ஏற்பாடு செய்யப்படும்’ என்றால் செலவு யாருடையது?

இன்னும் நுட்பமானது ‘கம்பெனி பாலிசிப்படி’ என்ற தொடர். அது ஒரு பதில்போலத் தோன்றும். உண்மையில், கையில் தரப்படாத வேறொரு தாளைச் சுட்டும் கைகாட்டி. ‘விமான டிக்கெட் கம்பெனி பாலிசிப்படி’ என்றிருந்தால் டிக்கெட் ஆண்டுக்கு ஒன்றா, இரண்டாண்டுக்கு ஒன்றா, குடும்பத்துக்கும் உண்டா என எதுவும் சொல்லப்படவில்லை. அந்தப் பாலிசித் தாளைக் கேட்டு வாங்குவதும் வாசிப்பின் பகுதி. பள்ளித் தேர்வில் விடை எப்போதும் பத்திக்குள் இருக்கும் என்று பன்னிரண்டு ஆண்டு பழகியவருக்கு, விடை பத்திக்குள் இல்லை என்று சொல்லத் துணிவு வருவது எளிதன்று.

கடைசித் தாள் கணக்கு முடிப்பது. விசா கேன்சல் செய்யும்போது, சேர வேண்டிய எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்ற வரியின் கீழ்க் கையெழுத்துக் கேட்பார்கள். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் நிலுவை முழுவதையும் தர வேண்டும் என்பது அமீரகச் சட்டம். பணம் வருமுன் பெற்றேன் என்று கையெழுத்திடுவது, இறந்தகால வினைமுற்றுக்கு இலக்கணத்தில் சொல்லித் தராத விலை.

வகுப்பறையில்

ஆவணம் படிப்பதை நான்கு படிகளாக இர்வின் கிர்ஷ், பீட்டர் மோசந்தால் ஆகியோர் விளக்கினார்கள்: ஒன்றைக் கண்டுபிடித்தல், அதே தேடலை மீண்டும் மீண்டும் செய்தல், கண்டவற்றை இணைத்தல், தாளில் இல்லாததை உய்த்தறிந்து உருவாக்குதல். பாடத்தைப் பிரிக்க இது உதவும். ஒன்பதாம் வகுப்பில் பலகை, அட்டவணை, சுற்றறிக்கை. பத்தில் ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும். பதினொன்றில் ஒரே பொருளைப் பற்றிய இரண்டு மூன்று தாள்களை ஒப்பிடுதல். ஒற்றைத் தாளைக் கொடுத்துக் கேள்வி கேட்பதில் பயன் குறைவு. வாய்ப்பேச்சில் சொன்ன சம்பளம், ஆஃபர் லெட்டர், பதிவான ஒப்பந்தம் ஆகிய மூன்றும் அருகருகே இருக்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

வளைகுடாப் பள்ளிகளுக்கு ஒரு சாதகம்: தாள்கள் வீட்டிலேயே இருக்கின்றன. துபாயில் 1961இல் தொடங்கிய இந்தியன் ஹைஸ்கூல் முதல் நேற்றுத் திறந்த பள்ளிவரை எதிலும், வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் அந்தத் தாள்களை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லக் கூடாது. ஒரு பிள்ளையின் தந்தை வாங்கும் சம்பளம் பக்கத்து மேசைக்குத் தெரியலாகாது. பாஸ்போர்ட் எண்ணும் எமிரேட்ஸ் ஐடி எண்ணும் தாளில் இருக்கும். அமைச்சகத்தின் வெற்று மாதிரிப் படிவத்தை எடுத்து, கற்பனைப் பெயரும் தொகையும் இட்டுத் தருவதே முறை. நிறுவனத்தின் உள்சுற்றறிக்கையும் அப்படித்தான். அதை வெளியே காட்டினால் தந்தையின் வேலைக்கே ஆபத்து வரலாம்.

மாணவர்களுக்கே இது நேரடியாகத் தேவைப்படும் காலமும் தொலைவில் இல்லை. அமீரகச் சட்டம் 15 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. 15 முதல் 18 வயதுவரை உள்ளவருக்குத் தனி அனுமதியும், மாணவருக்குப் பயிற்சி அனுமதியும் உண்டு. கோடை விடுமுறையில் ஒரு கடையில் சேரும் பதினாறு வயதுப் பெண் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையெழுத்திடும் தாள் அதுவாக இருக்கும். இப்போது அதுவும் தாளன்று, போன் திரையில் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒப்புதலைத் தொடும் ஒன்று. திரை முழு ஒப்பந்தத்தையும் ஒரே பார்வையில் காட்டுவதில்லை. சேமித்து, பெரிதாக்கி, நிதானமாகப் படித்துவிட்டு வர ஒருநாள் அவகாசம் கேட்பது நாகரிகக் குறைவன்று என்பதைப் பயிற்சியாகவே நடத்த வேண்டியிருக்கும்.

மொழிப்பாடத்தைக் கணக்குப்பிள்ளைப் பயிற்சியாக்கி இலக்கியத்தைத் துரத்துகிறார்கள் என்ற எதிர்ப்பு எங்கும் எழுந்திருக்கிறது. அதில் பாதி நியாயம். கவிதைக்கான நேரத்தை எடுத்து டைம்ஷீட்டுக்குத் தருவதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் வெட்ட வேண்டியது கவிதை அன்று; தலைமையாசிரியருக்கு மூன்று நாள் விடுப்புக் கேட்டு ஐந்தாம் வகுப்பு முதல் பத்துவரை ஒரே காய்ச்சலைச் சொல்லி எழுதும் கடிதம். மேலும், சொல்லப்படாததைப் படிக்கவும், பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று பிரித்தறியவும் தமிழ் மாணவர் கற்பது அகப்பாடலின் கூற்றில்தான். அந்தப் பயிற்சியை ஆஃபர் லெட்டர்மேல் திருப்புவது பெரிய தாவல் அன்று.

கடினமான தடை ஆசிரியர்கள்தாம். பலரும் தங்கள் சொந்த ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்காதவர்கள். சட்டம் மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு சிக்கல். அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் கால வரையறையற்ற ஒப்பந்தத்தையே எடுத்துவிட்டது; அதே ஆண்டு வந்த திருத்தம், ஒப்பந்தத்துக்கு இருந்த மூன்றாண்டு உச்சவரம்பை நீக்கியது. 2010இல் அச்சான குறிப்பை வைத்துப் பாடம் நடத்துவது பாடம் நடத்தாமலிருப்பதைவிடக் கெடுதல். எனவே சட்டத்தை மனப்பாடம் செய்விப்பதைவிட, நடப்பில் உள்ள விதியை அமைச்சகத் தளத்தில் தேடி, அதன் தேதியைப் பார்க்கப் பழக்குவது நீடிக்கும்.

மதிப்பீட்டு முறையும் மாற வேண்டும். நினைவிலிருந்து எழுதும் தேர்வு இதற்குப் பொருந்தாது. தாள்களைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். மாதிரிக்கு ஒரு வினாத்தாள்: ஓர் ஆஃபர் லெட்டர், ஓர் ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு. எந்த வரி மற்றொரு வரியோடு மோதுகிறது, இவர் யாரிடம், எந்தத் தாளைக் காட்டி, எந்தத் தேதிக்குள், எதைக் கேட்க வேண்டும் என்பன கேள்விகள். வரி எண்ணைச் சுட்டாத பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. கடைசிக் கேள்வி ஆண்டு விடுப்புக்குப் போய்வர டிக்கெட் யார் செலவு என்பது. ஐந்து தாளிலும் அதற்கு விடை வைக்கப்பட்டிருக்காது. ‘இதில் சொல்லப்படவில்லை, எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்’ என்று எழுதுபவருக்கு அந்தக் கேள்வியின் முழு மதிப்பெண்.